இடது முழங்கை

– பத்தே முக்கால் ஆச்சு, செரோம்.

– வந்துட்டேன் யோன்ஜு அக்கா... ரயில்ல நிக்கக்கூட இடமில்ல.

– மத்தவங்களும் அதே ரயில்லதான் வந்தாங்க. பத்து மணிக்கு.

– எங்க அவங்க? யாரையும் காணோமே.

– போய் காப்பி குடிச்சிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பினேன்.

– ஒத்திகை நேரத்துலயா? நீங்களா? தண்ணி குடிக்கப் போனாலே முறைப்பீங்க...

– உட்காரு.

– இருங்க, உடம்ப சூடு பண்ணிக்கறேன். வெளிய என்னா குளிரு...

– இன்னிக்கு அது வேணாம். உட்காருன்னேன்.

– ...சரி. உட்கார்ந்துட்டேன்.

– வெள்ளிக்கிழமை உன் தனி ஆட்டம் கிடையாது.

– என்னது?

– எல்லாரோட சேந்து ஆடறது இருக்கு. தனி ஆட்டத்த மட்டும் எடுத்துட்டேன்.

– அக்கா, முதல் காட்சியே வெள்ளிக்கிழமைதான். விளையாடாதீங்க.

– என் மூஞ்சியப் பாத்தா விளையாடற மாதிரியா இருக்கு?

– உங்க மூஞ்சி எப்பவும் இப்படித்தான இருக்கும். அதான் கேக்கறேன்... அக்கா, அம்மா குன்சான்ல கடைய மூடிட்டு வர்றாங்க. நான் தனியா ஆடி அவங்க பாத்ததே இல்ல.

– அந்தக் குவாக்கோட நடனக் குழுவுல நம்ம 'பனி'ய ஆடறாங்க.

– எந்தப் பனி?

– எந்தப் பனியா! ஸ்டேஷன் படியில நீ பனியில வழுக்கி விழுந்தியே... காப்பி சிந்தக் கூடாதுன்னு முழங்கைய ஊனி எழுந்தேன்னு இங்க வந்து செஞ்சு காட்டினே. அதுக்குத்தான பனின்னு பேர் வெச்சோம்? உன் ஆட்டம் ஆரம்பிக்கறதே அதுல. அங்க அப்படியே இருக்கு.

– குவாக் சார்கிட்டயா? அவங்க காட்சி அடுத்த மாசம்ல?

– நாம முந்தி ஆடினாலும் அவர் பேருதான் பெருசு. நாமதான் திருடினோம்னு பேசுவாங்க. அதான் எடுத்துட்டேன்.

– திருட என்ன இருக்கு? அது என் உடம்புல வந்தது.

– தெரியும். அதனாலதான் உன்னக் கேக்கறேன். அங்க எப்படிப் போச்சு?

– என்னையா கேக்கறீங்க?

– இங்க வேற யாரு இருக்கா?

– ஆறு வருஷம் ஆச்சுக்கா. நான் செஞ்சு காட்டினதுக்கெல்லாம் 'நடன அமைப்பு: யோன்ஜு'ன்னுதான் போட்டீங்க. என்னைக்காவது வாயத் தொறந்திருக்கேனா?

– ஓ... அந்தக் கணக்கத் தீத்துக்கிட்டியா?

– ஐயோ, நான் அப்படிச் சொல்லல.

– ஒத்திகை வீடியோ உன் போன்லதான எடுக்கறோம்?

– ஆமா. உங்க போன்லதான் பூனை படமா நிரப்பி வெச்சிருக்கீங்களே.

– சிரிப்பு வரல. யாருக்கு அனுப்பினே?

– உங்களுக்கு, நம்ம குழுவுக்கு. அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான். இத உங்களுக்கு யாரு சொன்னா?

– அங்க லைட் போடறவன்.

– என்னன்னு சொன்னான்?

– அதே மாதிரி விழறாங்க, அதே மாதிரி எழறாங்க. முழங்கை மட்டும் உன்ன மாதிரி வலது இல்ல, இடதுன்னான்.

– லைட் போடறவனா அதப் பாத்தான்? நம்மாளுக்கு நான் மேடையில இருக்கறதே பாதி நேரம் தெரியாது.

– அவன் கவனிக்கறவன்.

– ம்ம்...

– என்ன ம்ம்?

– நம்ம வீடியோ எல்லாம் முதுகுப் பக்கமா எடுத்தது. நாங்க கண்ணாடியப் பாத்து நிப்போம், போன் பின்னாடி இருக்கும். அதப் பாத்துக் கத்துக்கிட்டா வலது வலதாத்தான் வரும்.

– அதனால?

– இடதா மாறியிருக்குன்னா, யாரோ அவங்களுக்கு எதிர நின்னு ஆடிக் காட்டியிருக்காங்க. காட்டறவங்க வலது கைய ஊனுவாங்க, எதிர நிக்கறவங்க நேரா இருக்கற இடது கைய ஊனுவாங்க. வீடியோ போகலக்கா. ஆளு போயிருக்கு.

– பெரிய போலீஸ்காரி. எதிர நின்னா என்ன, கண்ணாடியப் பாத்துத் திருத்திக்க மாட்டாங்களா?

– அந்தக் கூடத்துலதான் கண்ணாடியே இல்லையே.

– உனக்கு எப்படித் தெரியும்?

– எது?

– கண்ணாடி இல்லன்னு. அவங்க அங்க மாறி இன்னும் பெட்டியே பிரிக்கல. வெளியாள உள்ள விடறதில்ல. உனக்கு எப்படித் தெரியும்?

– யாரோ... சொன்னாங்க.

– லைட் போடறவனா?

– அக்கா...

– நீ போயிருக்கே. எதிர நின்னு சொல்லிக் கொடுத்த ஆளு நீதான்.

– இல்ல.

– பின்ன எதுக்குப் போனே? என்னப் பாத்துச் சொல்லு.

– தேர்வுக்கு.

– என்ன தேர்வு?

– குழுவுக்கு ஆள் எடுத்தாங்க. சனிக்கிழமை.

– அடிப்பாவி! முதல் காட்சிய வெச்சுக்கிட்டு...

– அடுத்த வருஷம் நம்ம குழு இருக்காதுன்னு பேசிக்கிட்டாங்க. உங்ககிட்ட வந்து கேட்டேன். ஜன்னல சாத்துன்னீங்க. வேற எதுவும் சொல்லல.

– அதுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அந்த ஆள்கிட்டயா போய் நிப்பே?

– எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்.

– ...எடுக்கலையா?

– முதல் அசைவுலயே கழிச்சுட்டாங்க. அங்க ஆடற ஒரு பொண்ணுதான் எல்லாருக்கும் செஞ்சு காட்டினா. விழணும், முழங்கைய ஊனி எழணும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னோடத எனக்கே சொல்லித் தர்றா... நான் பழக்கத்துல வலது கைய ஊனினேன். திருத்தினா. மறுபடியும் வலதுதான் போச்சு.

– செரோம்... அவங்க வந்துருவாங்க. அப்புறம் பேசலாம்.

– பக்கத்துல வந்து என் கையப் புடிச்சு மாத்தி வெச்சா அக்கா. மரியாதையான பொண்ணுதான். "இப்படி இல்லீங்க, இடது. யோன்ஜு டீச்சர் எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க"ன்னா.