சரிந்த தோளும் சிவப்புப் புள்ளியும்

அவையை ஆளும் தலைவர் அவர்களே! ஓவியக் கல்லூரியின் ஆசான்களே! பிள்ளைகள் கரி அப்பிவந்த சட்டைகளை முணுமுணுக்காமல் துவைத்த தாய்மார்களே! நாளைய தூரிகைகளே! வணக்கம்.

இக்கல்லூரி ஒரு மென்பொருள் வாங்கியது. படத்தை உள்ளே கொடுத்தால் ஒளியும் நிழலும் ஒழுங்கா, இடமும் வலமும் சமமா என்று அளந்து, பிசகிய இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். மாணவர் தம் வேலையைத் தாமே சோதிக்க வந்த நல்ல கருவி! நம் ஆசான்கள் என்ன செய்தார்கள்? கருவியைக் கண்ணாக்கினார்கள், கண்ணைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள்! புள்ளி குறைந்தால் மதிப்பெண், கூடினால் பூஜ்யம். படத்தைப் பார்ப்பதா? தேநீர் ஆறிவிடுமே!

சிரிக்காதீர்கள் முன்வரிசையாரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இறுதியாண்டு மாணவி ஒருத்தி, வெல்டர் வேலை செய்யும் தன் தந்தையைக் கரியால் வரைந்தாள். எரிவாயு உருளை சுமந்து சுமந்து வலத்தோள் சரிந்துபோன மனிதர். கழுத்து நிழல் பின்னணியோடு கலந்துவிட்டது என்றது கருவி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்; உண்மைதான். திருத்தினாள். அடுத்து, தோளில் புள்ளி வைத்தது. ஆசானிடம் ஓடினாள்.

“சார், எங்கப்பாவுக்குத் தோள் அப்படித்தான் சார்.”

திரையிலிருந்து தலை நிமிரவில்லை அவர். “சிவப்பு காட்டுதில்ல? நிமித்திடும்மா.”

நிமிர்த்தினாள். முதல் மதிப்பெண்! கண்காட்சியில் நடுச்சுவர்!

தந்தை வந்தார். வெகுநேரம் பார்த்தார். “நல்லாருக்கும்மா. யாரு இவரு?”

அவள் சுவரை நோக்கி விரைந்தாள். படத்தைக் கழற்றித் தரையில் வைத்து, அத்தனை பேர் முன்னால் தோளை அழித்தாள். ஆசான் பதறி வந்தார்: “என்னம்மா பண்றே? மார்க் போயிடும்!”

“போகட்டும் சார். அப்பா, கொஞ்சம் அப்படியே நில்லுங்க.”

நின்றார். வரைந்தாள். தோள் இறங்கியது, மனிதர் எழுந்தார்!

“ஆங், இப்பதான் நானு” என்றார் தந்தை.

மறுநாள் மதிப்பெண் குறைந்தது. குறைத்த கை எது? கருவியா? கருவிக்குக் கை ஏது! விலகல் எங்கே என்று அது சொல்லும். அது பிழையா, பிறவியா, பிழைப்பா? அதைச் சொல்லத்தானே உங்களுக்கு நாற்காலி! நாற்காலியிலும் கருவியே அமரட்டும் என்றால், எழுந்து வழிவிடுங்கள்!

அவள் இன்றும் அந்தக் கருவியிடம் கேட்கிறாள். ஆனால் முடிவை அவளே எடுக்கிறாள். கண்ணை வாடகைக்கு விடாத அந்த மகளுக்கு என் வணக்கம். விட்டவர்களுக்கு நன்றி, பேசுவதற்கு எனக்கு விஷயம் தந்தீர்களே!