வலிச்சுது, ஆனா அழுகை வரல

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள். சார்ஜ் தீர்ந்த போனை மும்முரமாகத் தடவிக்கொண்டு நான் பெரிய மனிதன்போல உட்கார்ந்திருந்தபோது, ஜன்னலோரத்துப் பெண் சொன்னாள்:

“நேத்து முதுகு வலிச்சுது நஸ்ரின். ஆனா அழுகையே வரல. எனக்குப் பயமாயிடுச்சு.”

“அழுகை வராததுக்கா பயந்த?”

“ரெண்டு வருஷமா ரெண்டும் ஒண்ணாத்தானே வரும்? வலிச்சா, எதுக்கு இருக்கோம்னு தோணும். அப்படித் தோணினா இன்னும் வலிக்கும்.”

“அந்த மனசு டாக்டர் குடுத்த மாத்திரையாலயா?”

“மாத்திரை, எக்சர்சைஸ், வாரா வாரம் பேச்சு, எல்லாம்தான். வலியையும் மனசையும் சேர்த்துப் பாக்கணும்னாங்க. வலி ஒண்ணும் ஓடிடல. ஆனா நேத்து தம்பி என் சார்ஜரை எடுத்தான், நல்லா சண்டை போட்டேன்.”

“அம்மா திட்டினாங்களா?”

“எட்டிப் பாத்துட்டு அழுதுட்டாங்க. இவ சண்டை போட்டு எத்தனை நாளாச்சுன்னு.”

மாம்பழச்சாலையில் நான் இறங்க வேண்டும். என் காதுகள் சம்மதிக்கவில்லை.

“அப்ப ஜவுளிக்கடைக்குத் திரும்ப வருவியா ரம்யா? உன் இடத்துக்கு வேற ஆள் தேடறாங்கடி.”

“போன் பண்ணிட்டேன். நாள் பூரா நிக்க முடியாது, உக்காந்து பில் போடற வேலை குடுங்கன்னு கேட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே, கழுதை.”

ஸ்ரீரங்கம் வந்தது. ரம்யா கம்பியைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். முகம் சுளித்தது.

“வலிக்குதா?”

“வலிக்குது. பசிக்கவும் செய்யுது. வா, மொதல்ல தோசை.”