மூர்த்தியண்ணையின் விமானத்தில் புரொப்பெல்லரைக் கழற்றியது பற்றி

என் பெயர் பஸ்ரியன் இக்னேசியஸ். வயது ஐம்பத்து மூன்று. பிறந்த இடம் மன்னார். வெக்ஸ்போர்ட்டில் மனைவி கிளடிஸுடன் வசிக்கிறேன். விமானம் திருத்துவதற்கு லைசென்ஸ் உள்ளவன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் வராமல் ஓடிவிடும் என்பதால் தமிழில் சொல்கிறேன். பொலிஸ் அலுவலர் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளர் ஜெனாட் எழுதிக்கொள்கிறார்.

புரொப்பெல்லரை நான்தான் கழற்றினேன். அது என் வீட்டுக் கராஜில், போர்வை சுற்றியபடி இருக்கிறது. களவெடுத்ததாக முறைப்பாடு செய்திருக்கும் விநாயகமூர்த்தி அவர்கள், எங்களுக்கு மூர்த்தியண்ணை, அதைத் தேடி மினக்கெடத் தேவையில்லை.

வாகீசன் என் பக்கத்து வீட்டுக்காரன். விமானம் ஓட்டப் பழகி, அண்மையில்தான் லைசென்ஸ் எடுத்தவன். ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மூர்த்தியண்ணை தானே கட்டிய விமானத்தை விற்கப்போகிறார், வாங்கமுதல் ஒருக்கால் வந்து பாருங்கள் என்று கேட்டான். சனிக்கிழமை அவனோடு போனேன். ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஒரு சிறிய ஓடுபாதைக் கொட்டகையில் அது நின்றது. சின்ன இறக்கை முன்னுக்கு, பெரிய இறக்கை பின்னுக்கு, அதற்கும் பின்னால் புரொப்பெல்லர். இறக்கைகள் மரம். எஞ்சின் ஒரு காரிலிருந்து எடுத்தது. படமும் கணக்கும் எல்லாம் அவருடையதே, உலகத்தில் இதைப்போல் இரண்டாவது கிடையாது. ஆகவே எந்த இடத்தில் பழுது வரும் என்று கேட்டறியவும் ஒருவருமில்லை. ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, அழகான வேலை. எனக்கே ஆசை வந்தது.

அதன் பின்னர் எஞ்சின், கம்பிகள், சக்கரங்கள் எல்லாவற்றையும் பார்த்து, இறக்கையின் மரத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தேன். பெரிய இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் தடிப்பாகக் காய்ந்திருந்தன. வெள்ளிக்கு வெள்ளி பூசுவாராம். பார்க்கவேண்டிய முக்கியமான இடமே அதுதான். ஈரத்துணியை எடுத்தேன். மூர்த்தியண்ணை என் கையையே பார்த்தார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். வேதக்காரன் வந்து சந்தனத்தைத் துடைத்தான் என்று நாளைக்கு ஊரெல்லாம் ஒரு கதை வரும். துணியை மடித்து வைத்துவிட்டு, "சாமான் நல்லம், வாங்கலாம்" என்று வாகீசனுக்குச் சொன்னேன். பார்க்காத இடத்துக்கும் சேர்த்துச் சொன்னேன்.

வாகீசன் அங்கேயே முற்பணம் கொடுத்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதே கொட்டகையில் பூசை. புதுக்காருக்குச் செய்வதுபோல் சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய், முன்னால் தேங்காய். பூசை முடிய மனைவி ரதியை ஏற்றிக்கொண்டு ஒரு வட்டம் அடிப்பதாக வாகீசன் எல்லோருக்கும் சொல்லியிருந்தான். புதுச் சந்தனம் வைப்பதற்காக ரதி மஞ்சள் தண்ணீரால் பழையதைக் கழுவினாள். கழுவிய இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. வாகீசனைக் கொண்டு இறக்கை நுனியைத் தூக்குவித்தேன். தூக்கக் கோடு வாய் திறந்தது, விட மூடியது. என் நகம் உள்ளே போனது. உள்ளே பசை விட்டு, இறக்கையைத் தாங்கும் சட்டம் பிளந்திருக்கிறது என்பது என் தொழிலில் யாருக்கும் விளங்கும்.

மூர்த்தியண்ணை குனிந்து பார்த்தார். "தம்பி, உது பெயின்ற் வெடிப்பு. எத்தினை வருசம் பறந்த பிளேன் தெரியுமே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, தன் கையில் பிழை வரும் என்று அவரால் நம்ப முடியவில்லை என்றே நினைக்கிறேன். வாகீசன், "நேற்று நல்லம் எண்டது நீங்கள்தானே அண்ணை? இப்ப நல்ல நேரத்தில வந்து விசர்க்கதை கதைக்கிறியள்," என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதன் பின்னர் எல்லோரும் கொட்டகைக்கு முன்னால் மேசையில் பொங்கலும் வடையும் சாப்பிடப் போனார்கள். புரொப்பெல்லர் பின்பக்கம் இருந்ததால் ஒருவரும் என்னைக் காணவில்லை. என் வான் வண்டியில் திருத்தவேலை ஆயுதப்பெட்டி இருந்தது. பூட்டுக்கம்பியை வெட்டி, ஆணிகளைக் கழற்றி, புரொப்பெல்லரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூர்த்தியண்ணையிடமோ வாகீசனிடமோ அனுமதி கேட்டேனா என்று அலுவலர் கேட்கிறார். கேட்கவில்லை. கேட்டால் தந்திருப்பார்களா?

அன்று பின்னேரமே விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். லோங் வீக்கெண்ட், இன்று திங்களும் லீவு, நாளைக்குத்தான் திறப்பார்கள். தகவல் விட்டிருக்கிறேன்.

இன்று காலை ரதி தொலைபேசி எடுத்தாள். மூர்த்தியண்ணை தன் கையால் செதுக்கிய இன்னொரு புரொப்பெல்லர் வைத்திருந்தாராம். அதைப் பூட்டியாயிற்றாம். நாளை விடிய, ஒப்பீசுகள் திறக்கமுதல் ஏறப்போகிறார்களாம்.

"நான் ஏறலாமோ அண்ணை?" என்று கேட்டாள்.

"ஏறாதை பிள்ளை. அவனையும் விடாதை," என்றேன்.

"அவர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். நான் மாட்டன் எண்டால் அவரின்ரை முகம் என்னாகும்?" என்றாள். அதன் பின்னர் தொலைபேசியை வைத்துவிட்டாள். திரும்ப எடுத்தேன், எடுக்கவில்லை.

புரொப்பெல்லரைத் திருப்பிக் கொடுத்தால் முறைப்பாட்டை இத்தோடு விடலாம் என்று அலுவலர் சொல்கிறார். தருகிறேன். வழக்கென்றால் வழக்கு, அதையும் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா, எனக்காக அல்ல. நாளை விடியமுதல் உங்களில் யாராவது ஒருவர் அந்தக் கொட்டகைக்குப் போய், இறக்கை நுனியை ஒருக்கால் கையால் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது ரதியை அந்த வெடிப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவிடுங்கள், அது வாய் திறப்பதை அவள் தன் கண்ணால் காணட்டும்.

இவை நானாகச் சொன்னவை. ஜெனாட் திருப்பி வாசிக்கக் கேட்டேன், கூடக்குறைய ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை. கடைசியில் கேட்டதையும் வாக்குமூலத்தின் பகுதியாகவே எழுதச் சொல்லி, அதற்குக் கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ப. இக்னேசியஸ்