மேல் சக்கரம்

உங்கள் மேஜை ஆடுகிறது, ஐயா. பின்காலில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. திருப்புளி இருந்தால் பேசிக்கொண்டே முடுக்கிவிடுவேன். ஆடுகிற பொருளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அந்த ‘பேண்ட் சா’ மரம் அறுக்கிற மெஷினையும் அப்படித்தான் வாங்கினேன். மூடிப்போன மர மில்லின் பின்புறம், கோழி அடைகிற இடமாக நின்றிருந்தது. பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. மேலே ஓர் இரும்புச் சக்கரம், கீழே ஒன்று, இரண்டையும் சுற்றி ஓடுகிற பல் வைத்த எஃகுப் பட்டை. நடுவில் கட்டையைக் கொடுத்தால் வெண்ணெய் மாதிரி அறுக்கும். வண்டியிலிருந்து இறக்கியபோது, "இரண்டாம் சம்சாரம் வந்தாச்சு" என்றாள் என் மனைவி.

துருவைச் சுரண்டினேன். பேரிங் மாற்றினேன். மேல் சக்கரத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியபோதுதான் ஆரக்கால் ஒன்றில் தலைமுடி போல ஒரு விரிசல் தெரிந்தது. லேத்துக்காரரிடம் தூக்கிப் போனேன். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ளுக்குள்ளயே ஓடியிருக்குண்ணே. வெல்டு வச்சாலும் நிக்காது. சுத்துறப்ப வெடிச்சா முன்னால நிக்கிற ஆளு அவ்வளவுதான். பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

அந்த மெஷினைச் செய்த கம்பெனி மூடி வெகுகாலம் ஆயிற்று. பழைய இரும்புக் கடைகள் ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். ஒருவர் தையல் மெஷின் சக்கரத்தை நீட்டி, "சக்கரம்தானே கேட்டீங்க?" என்றார். நாட்டில் பொறுப்பு என்பதே இல்லை, ஐயா.

அதே மாடல் மெஷின் ஊரில் இன்னொன்றுதான் இருந்தது. என் மச்சான் பட்டறையில். என் மனைவியின் அண்ணன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இப்படி ஒரு சக்கரம் தேடி அலைகிறேன் என்று சொன்னேன்.

"மாப்ள மெஷினா வாங்கியிருக்காரு? சீக்காளிய இல்ல தத்தெடுத்திருக்காரு" என்றார் மச்சான்.

பந்தியே சிரித்தது. என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மகள் பிரசவத்துக்கு அவர் வெளியூர் கிளம்பினார். பட்டறைச் சாவியை என் கையில் வைத்தார்.

"நீங்க சும்மாதானே இருக்கீங்க, மாப்ள. நம்ம மெஷினைக் கழட்டி, கிரீஸ் வச்சுக் குடுங்க. உங்களைவிட்டா எனக்கு யாரு?"

கழற்றினேன். மேல் சக்கரம் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. அந்த மனிதர் நாற்காலிக் கால் அறுக்கத்தான் அதை வைத்திருந்தார். அருமை தெரியாத இடத்தில் நல்ல பொருள் இருந்தால் யாருக்கும் மனசு கேட்காது. என் சக்கரத்தின் துளையிலும் விரிசலிலும் மக்குப் பசை வைத்து அடைத்துத் தேய்த்து, அவருடைய மெஷினின் பச்சை பெயிண்டையே அடித்து, அங்கே மாட்டினேன். ஒரு திருகைக்கூட அரைகுறையாக விடவில்லை. கிரீஸும் தாராளமாகவே வைத்தேன். கேட்ட வேலைக்கு மேலேயே செய்துகொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தவர் மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "உங்களைக் கிண்டல் பண்ணது தப்பு மாப்ள, சத்தமே இல்லாம ஓடுது" என்றார். நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருப்பேன். சொன்னால் சக்கரத்தைத் திருப்பிக் கேட்பாரே.

மழைக்காலம் முழுக்க அது ஓடியது. வெடித்த அன்று கனமான கட்டை ஒன்றை ஏற்றியிருந்தாராம். அவருக்குக் குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கோடு பார்க்கிற பழக்கம். நிமிர்ந்து நின்றிருந்தால் தோளோடு போயிருக்கும். அந்தக் கவனக்குறைவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காரியமெல்லாம் நான்தான் முன்னின்று செய்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சனியனை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க, தம்பி" என்று அழுதார். கீழ்ச் சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

துக்கம் கேட்க வந்த லேத்துக்காரர், மூலையில் குவித்திருந்த உடைசலைக் கிளறாமல் இருந்திருந்தால் உங்களுக்கும் இத்தனை சிரமம் இருந்திருக்காது. தான் போட்ட துளையை அவர் அடையாளம் கண்டுகொண்டார். துக்க வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சிலருக்குத் தெரிவதில்லை.

ஆமாம், மாற்றியது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். சக்கரம் தாங்கும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். என் மனைவிதான் நேற்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோறதை எதுக்கு நிறுத்தினீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவளைப் பட்டறைப் பக்கமே நான் விடவில்லைதான். மரத்தூள் அவளுக்கு ஆகாது, ஐயா. அவ்வளவுதான்.