தாவூது பாய் போட்ட தலைக்காவல்

அவைத்தலைவர் ஃப்ளோரா அம்மையார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கப் பெரியோர்களே, கரித்துறையில் வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் கல்மண்டபத்து வியாபாரிகளே, தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் சலாமும்.

நம் சங்க மருத்துவசாலையின் டிரெஸ்ஸர், நம் தலைகளுக்கெல்லாம் காவல்காரர், தாவூது பாய் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். நான் கப்பலில் விஞ்சு ஓட்டி மூட்டை இறக்குகிறவன். எனக்குக் கத்தத் தெரியும், பேசத் தெரியுமா என்று கேட்டேன். "பாயைப் பற்றித்தானே, தானாக வரும்" என்றார் ஃப்ளோரா அம்மையார். வருகிறது அம்மா. 

யார் இந்தத் தாவூது பாய்? பட்டம் வாங்கியவரா? இல்லை. பதவி வகித்தவரா? இல்லை. நம்மோடு மூட்டை தூக்கியவர். அவரும் அவர் தம்பி கமாலும் ஒரே கும்பலில் வேலை பார்த்தார்கள். ஒரு நாள் சணல் மூட்டை இறக்கும்போது, பாயை வேறு கப்பலுக்கு அனுப்பியிருந்த நேரம், ஆடி வந்த கொக்கி கமாலின் பொட்டில் தட்டியது. ரத்தம்கூட வரவில்லை. கமால் விழுந்தார், எழுந்தார், சிரித்தார். "ஒண்ணும் இல்ல மாமு" என்றார். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? நம் வழக்கம் எதுவோ அதைச் செய்தார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "தூங்கட்டும் வுடுங்கபா, எந்திரிச்சா சரியாப் பூடும்" என்று கிடங்கு நிழலில் படுக்கவைத்தார்கள். மேலே துண்டு போர்த்தினார்கள். தூக்கம் கெடக் கூடாது என்று அந்தப் பக்கம் யாரையும் பேசவிடவில்லை. எல்லாம் அன்பினால் செய்தது. கமால் எழுந்திருக்கவே இல்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? பாய் யாரையும் சொல்லவில்லை. "தெரிஞ்சிருந்தா எழுப்பி இருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நேராக மருத்துவசாலைக்குப் போய், "அம்மா, என் தம்பி தலைக்குள்ள இன்னா நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க" என்று மருத்துவசாலையை நடத்தும் ஃப்ளோரா அம்மையாரிடம் கேட்டார். மண்டை உடையாமலே உள்ளே ரத்தம் கசியலாம், முதலில் நன்றாகப் பேசுகிறவன் கொஞ்சம் கொஞ்சமாக மயக்கத்துக்குப் போகலாம், அது பார்க்கத் தூக்கம் போலவே இருக்கும் என்று அம்மையார் சொன்னார். கேட்டவர் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே தரை கூட்டினார், துணி வெந்நீரில் போட்டார், கட்டுக் கட்டக் கற்றார், நமக்கு டிரெஸ்ஸர் ஆனார்.

அவர் செய்த பிரசாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சம்பள நாளில் துறைமுக வாசலில் தயிர்ச் சட்டியோடு நிற்பாரே, மறந்துவிட்டீர்களா? சட்டியை ஓங்கித் தரையில் ஒரு இடி இடிப்பார். "சட்டியில கீறல் கீதா பாருப்பா" என்பார். இல்லை என்போம். "உள்ள பாரு" என்பார். கட்டித் தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். "இதான் உன் தலை. ஓடு நல்லா கீதுன்னு நம்பாத." நாம் விடுவோமா? "பாய், அந்தத் தயிர இன்னா பண்ணப் போற?" என்று கேட்போம். அதையே மோராகக் கரைத்து, உப்புப் போட்டு, கேட்டவனுக்கே முதல் குவளை கொடுப்பார். மோருக்காக வந்தவர்கள் எத்தனை பேர்! வந்தவன் ஒருவன்கூடப் பாடம் கேட்காமல் போனதில்லை.

அடிபட்ட பிறகு பார்ப்பதைவிட அடிபடாமல் பார்ப்பது மேல் என்பார். தொங்குகிற பாரத்துக்குக் கீழே நிற்காதே என்பார். சும்மாட்டைக் கெட்டியாகக் கட்டு என்பார். பலகையில் எண்ணெய் சிந்தினால் முதலில் மண்ணைத் தூவு, பிறகு நட என்பார். என் விஞ்சுக்கு வந்து என்னோடு சண்டை போட்டார். "இறக்கறதுக்கு முன்ன நீ கத்து. கீழ ஆளு கீதுன்னா இறக்காத. மேஸ்திரி வைஞ்சா என்னை வையச் சொல்லு." கத்த எனக்குத் தெரியும் என்றேனே, தோழர்களே, அதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் நமக்குத் தந்தது தலைக்காவல். தலையில் அடிபட்டால், காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தூங்கினால் எழுப்ப வேண்டும். உன் பேர் என்ன, எந்தக் கப்பலில் வேலை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். பதில் குழறினால், வாந்தி எடுத்தால், எழுப்பியும் எழாவிட்டால், யோசிக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி. அவ்வளவுதான். ஆனால் உட்கார ஆள் வேண்டுமே. வேலையை விட்டு உட்கார்ந்தவனின் பங்கைக் கும்பலில் மற்றவர்கள் சேர்ந்து தூக்குவது என்று சங்கத்தில் பேசி முடிவு வாங்கியவரும் பாய்தான்.

கரித்துறைப் பெண்கள் இந்தக் காவலில் தங்கள் கைச்சரக்கையும் சேர்த்தார்கள். கெங்கம்மா அங்கே உட்கார்ந்திருக்கிறார், நான் சொல்வது பொய்யானால் எழுந்து திட்டட்டும், திட்டத்தான் அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாமே. அடிபட்ட பெண்ணிடம் எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு, கடைசியில், "உன் வூட்டுக்காரர் பேரு இன்னாடி?" என்று கேட்பார். எவள் சொல்வாள்? புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது நம் வீடுகளில் உள்ள எண்ணம். அடிபட்டவள் வெட்கத்தோடு தலையைக் குனிவாள், எல்லோரும் சிரிப்பார்கள், வலி கொஞ்சம் மறக்கும். அது விளையாட்டுக் கேள்வி.

ஒரு மத்தியானம் பூவம்மாவின் தலையில் பலகை சரிந்து விழுந்தது. மருத்துவசாலைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துக் காவல் போட்டார்கள். பேர் சொன்னாள், கப்பல் சொன்னாள், கேழ்வரகுக் கூழ் குடித்தேன் என்றாள். எல்லாம் சரி. கெங்கம்மா வழக்கம்போல விளையாட்டுக் கேள்வியைக் கேட்டார். பூவம்மா தலை குனியவில்லை. "லட்சுமணன்" என்றாள், சந்தையில் சரக்குக்கு விலை சொல்கிறவள் போல. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா தைரியம்டி உனக்கு" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள்.

உள்ளே கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்த பாய் வெளியே வந்தார். அவர் சிரிக்கவில்லை. "கெங்கம்மா, இதுக்கு முன்ன இவ எப்பனா சொல்லிகிறாளா?"

"இத்தினி புள்ள பெத்தா பாய், ஒரு வாட்டி சொன்னது இல்ல."

"அப்ப வண்டிய இட்டா."

எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொன்னவளை எதற்குக் கொண்டுபோக வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். சரியான பதில்தான் சரியில்லை என்று பாய் வண்டியில் ஏறிவிட்டார். பாதி வழியிலேயே பூவம்மா வாந்தி எடுத்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டர்கள் தாமதிக்காமல் மண்டையோட்டில் துளையிட்டு, உள்ளே உறைந்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள். அந்தப் பூவம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறாள். பக்கத்தில் அந்தப் பேருக்குரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கிறார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். டீக்கடைகளில் ஒரு பேச்சு ஓடுகிறது. "காவல் போட்ட பாயே பூட்டாரு, காவல் இன்னாத்துக்கு?" என்கிறார்கள். போன வாரம் நம்மோடு மூட்டை தூக்கும் துரைக்குத் தலையில் கொக்கி பட்டது. கமாலைப் படுக்கவைத்த அதே வழக்கப்படி படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துரை எழுந்தார், நல்லவேளை. எழாமல் போயிருந்தால்? ஒரு மனிதர் தம்பியைக் கொடுத்து வாங்கிய அறிவை, அவர் கபர் மண் காய்வதற்குள் நாம் தொலைத்துவிடுவதா?

பாய்க்கு நேர்ந்தது என்ன என்று பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவர் மனைவி அஜீசுன்னிசா அம்மா எனக்கு அனுமதி சொல்லி அனுப்பியிருக்கிறார். கல்மண்டபம் திருப்பத்தில் மரம் ஏற்றிய கட்டைவண்டி திரும்பியபோது நீட்டிக்கொண்டிருந்த பலகை அவர் காதுக்குப் பின்னால் அடித்தது. விழுந்தவர் தானே எழுந்து, பயந்துபோன வண்டிக்காரனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடந்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்று நாம் கேலி செய்வோமே, அந்தக் கேலிக்கு அன்று ஒரு நாள் இடம் கொடுத்துவிட்டார் என் தோழர்.

தொப்பியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா அவரை உட்காரவைத்துக் காவல் போட்டார். பேர் கேட்டார், சொன்னார். வேலை கேட்டார், சொன்னார். "பரீட்சையா வைக்கிற?" என்று சிரித்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, "எங்க அம்மா ஆப்பம் சுட்டாங்க" என்றார். அவர் தாயார் மறைந்து பல வருஷம் ஆகிறது. அஜீசுன்னிசா அம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. மகள் ஜெரினாவைக் கெங்கம்மாவிடம் வண்டிக்கு ஓடச் சொன்னார்.

வண்டி வருவதற்குள் பாயின் கண் சொருகியது. "இந்தாங்க" என்று அந்த அம்மா கூப்பிட்டார். எழவில்லை. "ஜெரினா அத்தா" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். எழவில்லை. கெங்கம்மா வாசலில் காலை வைத்த நேரம், கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு முறையும் சொல்லாத பேரை அந்த அம்மா சொன்னார். "தாவூது" என்றார்.

பாய் கண்ணைத் திறந்தார். மனைவியை உற்றுப் பார்த்தார். "இன்னா அஜீசு, என் பேரச் சொல்ற? உனக்குத் தலையில அடிபட்டுச்சா?" என்று கேட்டார்.

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. பெரியாஸ்பத்திரியில் முயன்றார்கள், ரத்தக் கசிவு அதிகமாகிவிட்டது. காவல் தோற்றுவிட்டதா, தோழர்களே? அந்த வீட்டில் அன்று நடந்ததில் ஒரு பிழை உண்டா? காவல் மந்திரம் அல்ல. எல்லோரையும் மீட்டுத் தரும் என்று பாயே சொன்னதில்லை. மீளக்கூடியவர் ஒருவரும் கேட்பாரற்றுத் தூங்கிப் போய்விடக் கூடாது என்றுதான் சொன்னார். தன் உயிர் கலங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் மனைவியின் தலையைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் அவர். அவரை நினைத்தால் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.

துரையைப் படுக்கவைத்த செய்தி அந்த அம்மா காதுக்கும் போயிருக்கிறது. புருஷனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்களில் இருக்கிறார், வெளியே வர முடியாது. மகளிடம் சொல்லி அனுப்பினார்: "நான் வெளிய வர முடியாது. அடிபட்ட பொம்பளைங்கள என் வூட்டுக்கு இட்டாங்க. அவரு காவலுக்கு உட்கார்ந்த கோரப்பாயி சும்மாதான் கீது, நான் உட்கார்றேன்." புருஷனைப் பறிகொடுத்த அம்மா உட்கார்கிறேன் என்கிறார். இரண்டு கையும் காலும் நன்றாக இருக்கிற நாம் எழுந்து போவதா?

தீர்மானம் எழுதிப் படிப்பதோடு நான் நிறுத்த விரும்பவில்லை. கூட்டம் கலையும்போது, ஒவ்வொரு கும்பலும் காவலுக்கு இரண்டு பேரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். என் கும்பலில் முதல் ஆள் நான். பூவம்மா, நீ இப்போது பழையபடி 'அவரு' என்றுதான் சொல்கிறாய், நான் கவனித்தேன். அப்படியே இரு தாயே, நூறு வயசு வரை அப்படியே இரு.

அஜீசுன்னிசா அம்மா அந்தப் பேரை ஒரே ஒரு முறை சொன்னார். இனி அதை நாம் சொல்வோம். நாளைக்கு இந்தத் துறையில் எவன் தலையில் அடிபட்டாலும், அவன் சொந்தக்காரனோ வேற்றாளோ, பக்கத்தில் உட்காருங்கள். தோளைத் தொட்டு எழுப்புங்கள். முதல் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "தாவூது பாய் கேக்கச் சொன்னாரு. உன் பேரு இன்னா?"