பன்னிரண்டாவது பின்னல்

இந்த வயதிலும் என் தலைமுடி இடுப்புவரை வரும். அறுபத்தெட்டு வயதில் இப்படி முடி வைத்திருப்பவர்கள் ஈப்போவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

விசாரணைக் குழுவின் கடிதம் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகளில் நம் தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஒருவர்கூடத் தேர்வாகவில்லையே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அநியாயமாக விடுபட்டவர்களின் பெயர்களைக் கொடுத்தால், ஜனவரி வகுப்பில் நேரடியாக இடம் தருவோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம். அத்தனை ஆண்டுகளும் தேர்வுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். ஞானம்மா சிஸ்டர் என்றால் பழைய மாணவிகள் இன்றும் எழுந்து நிற்பார்கள். அதனால் என்னிடம் கேட்டது சரிதான்.

நான் ஆண், பெண் என்று பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஒரே செய்முறைத் தேர்வு. ஐந்து கட்டில், ஐந்து பொம்மை நோயாளிகள், ஒவ்வொன்றுக்கும் நீளமான பொய்முடி. மாணவிகள் ஐந்துக்கும் சேர்த்து முத்தம்மா என்று ஒரே பெயரை வைத்திருந்தார்கள். முத்தம்மாவின் கழுத்து அசையாமல் சிக்கெடுத்து, தோளுக்கு முன்னால் ஒரு பின்னல் போட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரின் முடியைப் பார்த்துக்கொள்வது தாதியின் வேலை. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தத் தேர்வைக் கொண்டுவந்தது நான்.

தமிழ்ப்பள்ளியில் இரட்டைப் பின்னலோடு படித்த பெண்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கழுத்தோடு முடி வெட்டிய பெண்களுக்குச் சரியாக வராது. ஆண்களுக்கும் வராது. மதிப்பெண் போடும் மூவர் தளர்ந்த பின்னலைப் பார்ப்பார்கள், பிறகு தாளில் உள்ள பெயரைப் பார்ப்பார்கள். பெண் என்றால், “பழகிக்குவா.” ஆண் என்றால், “இது கைக்கு வராது லா.” நான் குறுக்கே பேசியதில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

எனக்கு ஆண் தாதிகள்மேல் வருத்தம் எதுவும் கிடையாது. விஸ்வலிங்கம் என்று ஒருவர் வார்டில் என்னிடம்தான் ஊசி போடக் கற்றுக்கொண்டார். ஆறு வருடம் கழித்து என் விடுமுறைப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்படிப் பதினொரு பேர் போனார்கள். பன்னிரண்டாவதாக வந்தவர் இரண்டு வருடத்துக்கு முன்பு, நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கடைசித் தேர்வில் வந்தார். அவருடைய உண்மைப் பெயர் இப்போதைக்கு வேண்டாம். ஐயாவு என்று வைத்துக்கொள்வோம்.

ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்திலிருந்து வந்திருந்தார். அம்மா நான்கு வருடமாகப் படுக்கையில் இருந்தாராம். முடியை மட்டும் வெட்டவே விடவில்லையாம். மகன் தினமும் சிக்கெடுத்துப் பின்னிவிட்டிருக்கிறார், அம்மா போகும்வரை. அதை அவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. அவர் சீப்பைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. முடியின் அடிப்பாகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேலே வந்தார். முத்தம்மா பொம்மை என்பதை மறந்தவர் மாதிரி, “வலிக்குதாம்மா?” என்றுகூடக் கேட்டார்.

பக்கத்துக் கட்டிலில் திணறிக்கொண்டிருந்த குமுதா என்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, எனக்கும் ஒன்னு போட்டுவிடுங்களேன்.”

“உனக்கு எங்க முடி இருக்கு? எதைப் பின்றது?”

“என் முத்தம்மாவுக்கு லா!”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தேர்வு முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பினேன். மதிப்பெண் போடுகிறவர்கள் பின்னல்களைப் பார்ப்பதற்கு முன் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். ஐயாவுவின் கட்டிலருகே நின்றேன். பின்னல் கயிறு மாதிரி இருந்தது. ஒரு மயிரிழை வெளியே வரவில்லை. அமைதியாக இருக்கும்போது மனம் ஏதாவது சொல்லும் என்பார்கள். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். அது எதுவும் சொல்லவில்லை. ரப்பர் வளையத்தை உருவி, பின்னலைப் பாதிவரை அவிழ்த்து, விரலால் கொஞ்சம் கலைத்து, வளையத்தைத் திரும்பப் போட்டேன். இறுக்கமாகப் போட்டிருந்ததால் நேரம் பிடித்தது.

அவரைத் தேர்வு செய்திருந்தால் முன்னால் போன பதினொரு பேருக்கும் அநியாயம் செய்ததாகிவிடும். ஒருவருக்காகப் பதினொரு பேரை வருத்த என் மனம் ஒப்பவில்லை.

வெளியே நின்ற ஐயாவுவிடம், “பின்னல் தளர்ந்துடுச்சு, தம்பி” என்றேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைச் சந்தேகிக்கவில்லை. கையைத்தான் சந்தேகித்தார்.

போன ஆகஸ்டில் குளியலறையில் வழுக்கி விழுந்து என் வலது தோள் முறிந்தது. தலை வாரக்கூடக் கை தூக்க முடியவில்லை. வீட்டோடு பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் இடத்துக்குப் போன் செய்தேன். முதலில் வந்த இரண்டு பெண்களும் முடியைப் பிடுங்கி எடுத்தார்கள். மூன்றாவதாகக் கதவைத் தட்டியவர் ஐயாவு. சான்றிதழ் இல்லாததால் அந்த வேலைதான் கிடைத்ததாம். என்னைப் பார்த்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

“சிஸ்டர், நீங்களா! இனி தினமும் உங்க முடியிலயே பழகிக்கிறேன். தப்பு இருந்தா சொல்லுங்க.”

தினமும் காலையில் பின்னி முடித்துவிட்டுக் கேட்பார். தினமும் சொல்கிறேன். நேர்மையாகச் சொன்னால், என் அம்மாவுக்குப் பிறகு இப்படி யாரும் எனக்குப் பின்னிவிட்டதில்லை.

ஜனவரி வகுப்புக்கான படிவத்தை நிரப்பிப் பையிலேயே வைத்திருக்கிறார். நான் ‘சரி’ என்று சொன்ன அன்று அனுப்புவாராம். கல்லூரியின் வயது வரம்பு முப்பது. மார்ச்சில் அவருக்கு முப்பது முடிகிறது. என் தோள் ஏப்ரலில் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். இதில் யார்மீதும் குற்றமில்லை, தேதிகள் அப்படி அமைந்துவிட்டன.

எனவே பதினொரு பெயர்களை இணைத்துள்ளேன். பன்னிரண்டாவது மதிப்பெண் தாள் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஏப்ரலில் அனுப்புகிறேன். ஒரு வயதான தாதியின் நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க அவரிடம்தான் கொடுக்க வேண்டும். உறையை நன்றாக ஒட்டிவிடுவேன்.

படிவம் அனுப்பக் கடைசி நாள் நாளை. சற்று முன்னர் எனக்குப் பின்னி முடித்து, கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார்.

“இன்னிக்கு எப்படி, சிஸ்டர்? சரியா வந்திருக்கா?”

ஒரு மயிரிழை வெளியே வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் தளர்வுதான், தம்பி,” என்றேன். அவருடைய நன்மைக்காகத்தான்.