சாம்பிள் ஃபிரிட்ஜில் மாங்காய் இஞ்சி

மாங்காய் இஞ்சியை வெயிலில் காட்டக் கூடாது. மணம் போய்விடும். அதனால் மண்டியில் வாங்கியதை, சாயங்காலம் வீட்டுக்குப் போக பிம்ப்ரி பஸ் ஏறும்வரை ஆய்வகத்தின் சாம்பிள் ஃபிரிட்ஜில் வைப்பேன். இஞ்சிக் குடும்பத்துச் செடிகளின் தைலத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. கிழங்கோடு கிழங்காக இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

பிஎச்.டி. மாணவன் தருண் அப்படி நினைக்கவில்லை. என் பையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து சொன்னான்.

"அபயாம்பாள் மேடம், இது சாம்பிள் ஃபிரிட்ஜ், உங்க கிச்சன் இல்ல. எந்தக் கிழங்கப் பாத்தாலும் ஊறுகாதானா உங்களுக்கு?"

"தப்புதாம்ப்பா," என்றேன். விதி விதிதான்.

அந்த மழைக்காலத்தில், கடக்வாஸ்லாவுக்கு அப்பால் ஒரு மலைச்சரிவிலிருந்து அவன் ஒரு கிழங்கு கொண்டுவந்தான். பெயரில்லாத புது இனம் என்றான். வருடக்கணக்காகத் தேடியதில் அந்த ஒரு புதர்தான் கண்ணில் பட்டதாம். வேரோடு தோண்டிவிட்டான். அது என் யோசனை அல்ல.

தைலம் புதிது என்று நிரூபித்தால் பட்டம். வட்டமாக நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஊருக்குப் போனான். நறுக்கிவிட்டால் எல்லாம் ஒரே மஞ்சள். அவன் துண்டுகளை எடுத்துக்கொண்டு மாங்காய் இஞ்சியை நறுக்கி வைத்தேன்.

திரும்பி வந்து வடித்தான். கருவி மைர்சீன் என்றது. மாங்காய் இஞ்சித் தைலத்தில் பெரும்பங்கு அதுதான். மறுபடி வடித்தான். மறுபடியும் மைர்சீன்.

"மார்க்கெட்ல கெடைக்கிறதுக்கு மலை ஏறுவானேன்?" என்றார் அவனுடைய கைட். உதவித்தொகை நின்றது. மலைக்கு மறுபடி போய்ப் பார்த்தான். ஒரு இலைகூட இல்லை. சோப்புக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டான்.

கிளம்புகிற அன்று தயிர்சாதம் கொண்டுபோனேன்.

"ஊறுகா செம மேடம். மாங்கா இஞ்சியா? என்னவோ வித்தியாசமா இருக்கே?"

"புதுசுப்பா. அதான்."

தோண்டுவதற்கு முன் அவன் எடுத்த பூவின் படத்தைப் பார்த்து, விசாரிக்க வந்திருக்கிற உங்களுக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. நியாயமான சந்தேகம். எலுமிச்சை பிழிவதற்கு முன் ஒரு கைப்பிடியை நானே வடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல், கருவிக்கு அடையாளம் தெரியாத ஒரு பொருள். பையன் சொன்னது சரி. பிறகுதான் உப்புப் போட்டேன்.

ஜாடியை அவனிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். அவனுடையதில் ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை. சாம்பிள் ஃபிரிட்ஜில் சாப்பாட்டுச் சாமான் வைத்தது ஒன்றுதான் நான் செய்த தப்பு. அதை அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டேன்.